தலைச்சொல் கிடைக்காத சாமியாடி

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் மின்ரயிலுக்கு முதல் நிறுத்தம் பேசின் பிரிட்ஜ். இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் மூலக்கொத்தளம் சுடுகாடு. மகாசிவராத்திரியை ஒட்டி வரும் மாசி அமாவாசையில் வடசென்னையின் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கிறது. அம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள். சுண்டலும் தானியமும் சூறை விடப்படுகின்றன. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் அதை முந்தானையில் ஏந்துகிறார்கள். சிலர் மேல் அம்மன் இறங்குகிறாள்.

இந்தப் பகுதி மாணவி ஒருத்தி இதையே ஆய்வுக்கு எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "முதலில் பின்னணி நூல்களைப் பார்த்துவிட்டு வா" என்பார் நெறியாளர். நல்ல யோசனைதான். ஆனால் அவள் கையில் இருப்பது ஒரு செல்போன். அதில் காசில்லாமல் என்ன கிடைக்கும்? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் கிடைக்கும். சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் 1916இல் எழுதிய, தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய நூல் கிடைக்கும். இரண்டுக்கும் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. அங்காளபரமேசுவரியைப் பற்றியே, அவள் கதைகளையும் வழிபாட்டையும் பற்றியே, எவலின் மேயர் என்ற பெண் எழுதிய முழுநூல் 1986இல் ஜெர்மனியில் வந்தது. அது இப்படிச் சும்மா கிடைக்கிற புத்தகம் இல்லை. ஆக, எது 'பின்னணி' என்பதைப் பாதி தீர்மானிப்பது பதிப்புரிமைச் சட்டம். எழுபது எண்பது வருஷம் பிந்தி வந்த பெண் ஒதுங்கி நிற்க, எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரும் ஒரு பேராயரும் முதல் இயலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அவர்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வைட்ஹெட் கிராம தெய்வங்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதைக் கவனித்தார். பூசாரிகள் பிராமணர் அல்லாதவர்கள் என்பதையும் பதிந்தார். அது பயன்படும். ஆனால் அவர் கண் போனது பலியின் பக்கம்: எந்த விலங்கு, யார் வெட்டினார்கள், ரத்தம் எங்கே போனது. கூழ் காய்ச்சியவள் யார், விரதம் இருந்தவள் யார் என்ற கேள்விகள் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தர்ஸ்டனின் தொகுதிகள் சாதிப் பெயர் வரிசையில் அமைந்தவை. அதனால் அம்மன் வழிபாடு பல சாதிகளின் கீழே சிதறிக் கிடக்கிறது. ஆனால் கோயிலோடு சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தனித் தலைச்சொல் உண்டு: தேவதாசி. இரண்டாம் தொகுதியில், சாதிகளின் நடுவே, நீண்ட கட்டுரை. அவளைப் பற்றி அன்றைக்கு ஆண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் அம்மன் இறங்கி அருள்வாக்குச் சொல்கிறவள் யாருக்கும் தொல்லை தரவில்லை, தலைச்சொல்லும் பெறவில்லை.

நம்முடையவையும் இந்த விஷயத்தில் பெரிதாக மாறுபடவில்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாக உழைத்துத் தொகுத்து 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி புராணக் கதைமாந்தருக்கு அருமையான துணை. சிவன் கையில் ஒட்டிய பிரமன் தலையை விளங்கிக்கொள்ள அங்கேதான் போக வேண்டும். அந்தத் தலையை இறக்கி வைக்க மயானத்தில் சோறு இறைத்த அம்மனின் கதையை வருஷா வருஷம் நடத்திக் காட்டுகிற பெண்களைத் தேடி அங்கே போக முடியாது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி வந்த சென்னை மாநிலக் கோயில்கள் வரிசையில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் சென்னை நகரத்துக்கும் ஒரு தொகுதி உண்டு. ஆனால் அதன் அலகு கோயில். சுடுகாட்டில் ஒருநாள் கூடிக் கலைகிற வழிபாடு அந்த அலகுக்குள் எளிதில் அடங்காது.

காலனியத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடவும் முடியாது. மிர்சியா எலியாடே தலைமையில் 1987இல் பதினாறு தொகுதிகளாக வந்த சமயக் கலைக்களஞ்சியம் உலகமெங்கும் முதல் பார்வை நூல். பாலினமும் சமயமும் என்று ஒவ்வொரு சமயத்துக்கும் விரிவான கட்டுரைகள் வர 2005இன் இரண்டாம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. மாரியம்மன் என்றால் பெரியம்மையின் தெய்வம் என்றே பல பார்வை நூல்கள் ஆரம்பிக்கின்றன. இந்தியாவில் பெரியம்மை 1975இல் முடிந்தது; உலகத்தில் ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். ஆனால் ஆடி வந்தால் இன்றும் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள். நோய் போனபின் அந்தத் தாய் என்ன ஆனாள் என்ற கேள்வியையே தலைப்பாக்கி மார்கரெட் டிராவிக் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பதிலைத் தேடியது சென்னையில் மாரியம்மன் இறங்கிக் குறி சொன்ன ஒரு பெண்ணிடம். அகராதி நோயை வைத்துத் தெய்வத்துக்குப் பொருள் சொன்னது. அந்தப் பெண் தன் வாழ்க்கையை வைத்துச் சொன்னாள். இரண்டில் எது பின்னணி, எது 'களத் தரவு'?

மாணவிக்கு நான் சொல்வது இதுதான். கன்னிமாராவுக்குப் போ, தர்ஸ்டனை எடு, கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துப் போ: இதை அவருக்குச் சொன்னது யார்? பெண்ணா? பெரும்பாலும் பெயரே இருக்காது. அந்த இடத்தை உன் ஆய்வேட்டில் வெளிப்படையாகக் குறி. பிறகு தெருவுக்கு வந்து ஆயாவிடம் கேள்.

இப்போதைய ஆய்வேடுகளின் வழக்கம் வேறு. தர்ஸ்டன் முதல் இயலில், பெயரோடும் பக்க எண்ணோடும் இருப்பார். ஆயா பின்னிணைப்பில், அட்டவணையில் ஒரு வரி: தகவலாளர், பெண், வயது இவ்வளவு, தொழில் — இல்லத்தரசி. முப்பது வருஷமாகச் சாமியாடுகிறவள் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் விட்டிருக்காது.