செத்தவீட்டுப் பாடகியும் புளூஸ் பாடகியும்

நாட்டார் பாடல் பற்றிய நமது ஆய்வுகள் ஒப்பாரியைப் பெரும்பாலும் அச்சிட்ட வரிகளாகவே கண்டுவந்துள்ளன. பாடச்சொல்லி எழுதியெடுத்த வரிகளில் உவமை எத்தனை, எதுகை எத்தனை என்று எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடுகின்றது. ஒப்பாரி ஓர் ஆற்றுகை என்பதும், அதனை ஆற்றுபவள் பெண் என்பதும் இதனால் மறைக்கப்படுகின்றன.

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் பெண்கள் பிரேதத்தைச் சூழ்ந்து, ஒருவர் தோளை ஒருவர் தழுவியிருந்து அழுவர். புதிதாக வருபவள் எடுத்துக்கொடுக்க, இருப்போர் ஏற்றுக்கொள்வர். சீதனக் காணி கைமாறியமை, புகுந்த வீட்டின் கொடுமை, தமையன் கைவிட்டமை ஆகிய யாவும் அவ்வேளையில் வெளிவரும். விளிக்கப்படுபவர் இறந்தவர், கேட்கவேண்டியவரோ முற்றத்துப் பந்தலில் இருக்கும் ஆண்கள். ஒப்பாரியின் சமூக வலு இவ்விடைவெளியிலேதான் தங்கியுள்ளது. அச்சுப் பிரதியில் அப்பந்தலுக்கு இடமில்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் புளூஸ் இசையை இங்கு ஒப்புநோக்கலாம். 1920இல் மேமி சிமித்தின் இசைத்தட்டு வெளிவந்தது. மா ரெய்னியும் பெசி சிமித்தும் கூடார அரங்குகளிலும் நாடகசாலைகளிலும் பாடினர். கணவனின் அடியும் பிரிவும் வறுமையும் சபையறியப் பாடப்பட்டபோது, தனித்துயர் பொதுத்துயராயிற்று என்பதை அஞ்செலா டேவிசு 1998இல் எழுதிய நூலில் விரிவாக நிறுவினார். எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறாகும். புளூஸ் பாடகியைச் சந்தை சுரண்டியது. ஆயினும் அவளுக்கு ஒரு பெயரையும் கூலியையும் கொடுத்தது. நமது ஒப்பாரிக்காரிக்கு இரண்டும் இல்லை. அதே முற்றத்தில் சாதிக் கடமையாகப் பறை முழக்க வைக்கப்பட்டவரின் நிலையே அடிமை வழிவந்த இசைஞரின் நிலைக்குக் கூடுதலாக அண்மையது. இதனைச் சொல்லாது பெண்ணின் துயரை மாத்திரம் பேசுவது அரைகுறை விமரிசனமாகும்.

அரங்கிற்கு வந்தபோது நிகழ்ந்தது யாது? மயான காண்டத்தில் மகனை இழந்த சந்திரமதியின் புலம்பலே உச்சக்கட்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து அந்நாடகத்தை ஊர்கள்தோறும் புகழ்பெறச் செய்தார். அவரது கலைத்திறனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் ஆண்களே பெண்வேடம் தாங்கிய அம்மரபில், பெண்ணின் அழுகைக்கு மேடையும் கைதட்டலும் கிடைத்தது ஆணின் தொண்டையூடாகவே. 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரியினூடாகப் பெண்கள் மேடையேறினர். அவர்கள் கொண்டுசென்றது கருநாடக இசையை. தாயின் ஒப்பாரி வீட்டிலேயே விடப்பட்டது. (நாட்டாரியல் கற்பிக்கும் நாமும் வகுப்பறையில் அதனைப் பாடிக்காட்டக் கூசுகின்றோமல்லவா?)

1984இல், கைதுசெய்யப்பட்ட இளைஞர்களுக்காக யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, பெண்கள் அரச அதிபரின் பணிமனையை நோக்கி ஊர்வலம் சென்றனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்தனர். பிள்ளையின் பெயர் சொல்லி விளித்தழும் அக்குரலை மேடையிசை என எவரும் கொள்ளார். ஆயினும் ஒப்பாரியின் விளித்தல் முறை அதிலே தொடர்கின்றது. நடுவே பிரேதம் இல்லை, பந்தலில் இருந்தவரின் இடத்தில் அரசு இருக்கின்றது.