பாடினாரா, சொல்லிக்கொடுத்தாரா?

திருமலைக்கு அலிபிரியில் படியேறும்போது என்னைக் கைபிடித்து ஏற்றிவிடுவது ஒரு குரல். கரிமெல்லா பாலகிருஷ்ண பிரசாத்தின் குரல்! செல்போனில் அவர் பாட்டை வைத்துக்கொண்டு கிளம்பினால் 3,550 படியும் பெரிதாகத் தெரியாது. முழங்கால் முடிச்சு என்கிற செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கும். அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

ராஜமுந்திரியில் 1948-இல் பிறந்தவர். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியிடம் பாடம் கேட்டவர். 1978-இல் திருப்பதிக்கு வந்து, 2006 வரை தேவஸ்தானத்தின் அன்னமாச்சார்யா திட்டத்தில் இருந்தார். என்ன வேலை என்கிறீர்களா? திருமலைக் கோயிலில் கிடைத்த செப்பேடுகளில் அன்னமாச்சார்யா என்கிற அன்னமய்யாவின் சாகித்யம் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்வரம் இல்லை. பியானோ வாசிப்பவருக்குப் பேத்தோவன் எழுதிவைத்த ஸ்வரமாவது கண்ணெதிரே இருக்கும். இவருக்கு வெறும் ராகப் பெயர்தான்! அதை வைத்துக்கொண்டு 600-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்தார் மனுஷர்!

அவர் மெட்டின் அருமை தெரிய ‘வினரோ பாக்யமு’ ஒன்று போதும். சுத்த தன்யாசி, ஐந்தே ஸ்வரம். அடிக்கு அடி ‘விஷ்ணு கதா’ என்று முடிகிற பாட்டு அது. அந்த இரண்டு சொல்லையும் எந்தத் தொண்டைக்கும் எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து இறக்குகிறார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்! திருப்பதியில் அவர் பாடக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த பாட்டியம்மா முதல் சரணத்திலேயே கூடச் சேர்ந்துகொண்டார். அடுத்த சரணத்தில் எங்கள் வரிசையே பாடியது. அவர் சங்கதிகளை அள்ளிக் கொட்டி மிரட்டவில்லை. ‘நீயும் பாடு’ என்று இடம் விட்டு, சொல் சொல்லாகப் பாடினார். கச்சேரி கேட்கப் போனவர்கள் ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தோம்!

பெரிய வித்வான்கள் பலருக்கு மேடை வேறு, வகுப்பு வேறு. இவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்வரப்படுத்திப் புத்தகமாகப் போட்டார், சீடர்களைத் தயார் செய்தார். இன்று தெலுங்கு தெரியாத நம் வீட்டுக் குழந்தைகள்கூட அவர் மெட்டில் அன்னமய்யாவைப் பாடுகிறார்கள்.

2025 மார்ச் 9-ஆம் தேதி திருப்பதியிலேயே காலமானார். அடுத்த முறை அலிபிரிக்குப் போனால் ‘வினரோ பாக்யமு’வைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். வழியில் உள்ள காலிகோபுரம் வருவதற்குள் உங்களுக்கும் பாடமாகிவிடும், நான் உத்தரவாதம்!