மூன்று நிமிடத் தோடி

ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டைப் பேசாத நாதஸ்வர ரசிகன் இல்லை. எனக்கும் அது உயிர்தான். ஆனால் 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், சற்றே கூட. ராத்திரி சாமி புறப்பாட்டில் தெருத்தெருவாக நின்று மணிக்கணக்கில் விரிந்த ராகத்தைத் தட்டு சாறாகப் பிழிந்துவிட்டது. அந்தச் சாறையே முழுத் தோடியென்று நம்பும் இடத்தில் ரசனையின் அரசியல் தொடங்குகிறது.

'அப்ப கச்சேரிப் பதிவைக் கேளுங்க' என்பார்கள். கேட்கிறேன். அவரது சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் கச்சேரிப் பதிவுகளை எந்தத் தட்டுக்கும் மேலாக வைப்பேன். 'கொஞ்சும் சலங்கை' (1962) பாட்டில் அவர் நாதஸ்வரம் ஜானகியின் குரலுக்கு இணங்கிப் போகிறது. கச்சேரியில் அது யாருக்கும் இணங்குவதில்லை. தவில் சீண்டுகிறது, இவர் திருப்பிச் சீண்டுகிறார்.

இருந்தாலும், மைக் யார் முன்னால் நின்றது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் கல்யாண வீட்டு மைக் செட்டில் காருகுறிச்சி ஊதியிருக்கிறார். சாதி சுமத்திய வேலையாகச் சாவு வீட்டில் அடிக்கப்பட்ட பறைக்கும், தேவராட்டத்து உறுமிக்கும் எத்தனை தட்டு, எத்தனை நாடா? ஆகச் சிறந்த பதிவு எதுவென்று நாம் போடும் பட்டியலெல்லாம் மைக் கிடைத்தவர்களுக்குள் நடக்கும் போட்டி.

இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. தோழர்கள் முதலில் அந்த வாசல்களுக்குப் போகட்டும். அடிப்பவர் சம்மதம் கேட்டு, பேர் கேட்டு எழுதி, நேரம் பார்க்காமல் பதியட்டும். தோடியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.