பிசிசி: மறைக்கிற வேலையை யார் செய்யறாங்க?

'எனக்கு வந்த மெயில்ல பிசிசியில் வேறு யார் யார் இருந்தாங்கன்னு எப்படிப் பார்ப்பது?' இது அடிக்கடி காதில் விழும் கேள்வி. பதில்: பார்க்க முடியாது. மெயிலின் முழு ஹெடரையும் திறந்து வரிவரியாகத் தோண்டினாலும் வழக்கமாக ஒன்றும் கிடைக்காது. மறைத்து வைத்திருந்தால்தானே கிடைக்கும்? உங்களுக்கு வந்த பிரதியில் அந்தப் பெயர்களே கிடையாது.

மின்னஞ்சலிலும் கவர் தனி, கடிதம் தனி. சர்வர் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைக் கவரில்தான் பார்க்கிறது. கடிதத் தலைப்பில் தெரியும் 'டூ', 'சிசி' எல்லாம் நாம் படிப்பதற்காக. பிசிசி முகவரிகள் கவரில் மட்டும் போகும், வழியிலேயே கவர் கழன்றுவிடும். அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டரில் பெரும்பாலும் பட்டியல் இருக்கும். ஆபீஸ் மெயில் என்றால் அட்மின் சர்வர் பதிவுகளில் பார்த்துவிடலாம். (மேனேஜருக்குத் தெரியாமல் அனுப்பினோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க.)

இதுவரைக்கும் சரி. என் குறை வேறு இடத்தில். மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் 2008ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5322 பிசிசியைக் கையாள மூன்று வழிகள் சொல்கிறது. ஒன்று, எல்லாப் பிரதிகளிலும் அந்த வரியை நீக்குவது. இரண்டு, மற்றவர்களுக்கு நீக்கிவிட்டு, பிசிசியில் இருப்பவர்களின் பிரதியில் மட்டும் விடுவது. மூன்று, பெயர்கள் இல்லாமல் வெறும் 'பிசிசி' என்ற வரியை மட்டும் காட்டுவது, அதாவது ரகசியப் பிரதி போயிருக்கிறது, யாருக்கு என்று சொல்லமாட்டோம் என்பது. எதைப் பின்பற்றுவது? மென்பொருள் எழுதுபவர் இஷ்டம். இரண்டாவது வழியில் பிசிசிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கவும் வாய்ப்பு உண்டு! ரகசியம் காக்கும் ஒரு வசதியை இப்படியா விட்டுவைப்பது?

பெயரே டைப்ரைட்டர் காலத்து மிச்சம். அசல் தாளை உருவிவிட்டு, கார்பன் பிரதியில் மட்டும் இன்னொருவர் பெயரை அடிப்பார்கள். ஒருவருக்கு, இருவருக்குச் செய்த வேலை அது. இன்று நூற்றுக்கணக்கானவர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைக்க அதே பெட்டியை நம்புகிறோம். பக்கத்துப் பெட்டியில் முகவரிகளை ஒட்டிவிட்டால் கதை முடிந்தது.

லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை 2015இல் தன் செய்திமடலை இப்படித்தான் 781 பேருக்கு அனுப்பியது. பெற்றவர்களில் பெரும்பாலோர் எச்ஐவியோடு வாழ்பவர்கள், அநேகமாக எல்லா முகவரியிலும் முழுப் பெயர் இருந்தது. 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில் காபூல் தாலிபான் கையில் இருந்தபோது, பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் வெளியேறக் காத்திருந்த 245 ஆப்கானியர்களின் முகவரிகளை 'டூ' பெட்டியில் போட்டு அனுப்பியது. அதில் இருவர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள், ஒருவர் தான் இருக்கும் இடத்தையும் எழுதிவிட்டார். அபராதம் 3,50,000 பவுண்டு, அதுவும் 2023 டிசம்பரில்.

இரண்டு இடத்திலும் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. உயிர் போகிற பட்டியலை ஒரு டைப்பிங் பழக்கத்தை நம்பி அனுப்பவைத்தது யார்? ஆளுக்கொரு தனி மெயிலாக அனுப்பும் மெயில் மெர்ஜ் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. அதில் பார்க்கவும் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் பதில் போட்டாலும் போய்ச் சேர ஆளில்லை.