ஆளரவமற்ற இடத்தில் சிறார்: நூல்களும் நிகழ்ச்சிகளும்

தாய் தந்தையரோ ஆசிரியரோ அருகில் இல்லாத ஓரிடத்தில், அடர்ந்த காட்டிலோ அலைசூழ்ந்த தீவிலோ, சிறார் சிலர் சேர்ந்து தாமாகவே பிழைத்திருக்க நேர்ந்தால் அவர்கள் கதி என்னவாகும் என்னும் கேள்வி, மேனாட்டு இலக்கியத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப எழுந்து வந்திருக்கிறது. 1719இல் டானியல் டீஃபோ படைத்த ராபின்ஸன் குரூஸோ இந்த வமிசத்தின் மூலபுருஷன். ஆனால் அவன் வயது வந்தவன், தனியன். அவனுடைய ஸ்தானத்தில் குழந்தைகளை, அதுவும் கூட்டமாக, வைத்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான், உணவும் உறைவிடமும் தேடும் பிரச்சினையோடு, ஒருவரை ஒருவர் சகித்து வாழும் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. இவ்வகை நூல்களை மெய்யாக நடந்த சம்பவங்களோடு அருகருகே வைத்துப் படிக்கையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தோன்றுகிறது: புகழ்பெற்ற நூல்கள் பெரும்பாலும் 'நம்மில் தலைவன் யார்?' என்று கேட்டன. உண்மையில் காட்டில் அகப்பட்டுப் பிழைத்த குழந்தைகளோ, 'நம்மில் சிறியவரை யார் சுமப்பது?' என்பதற்கு முதலில் விடை கண்டிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆர். எம். பாலண்டைன் 1857இல் வெளியிட்ட 'பவளத்தீவு', ரால்ஃப், ஜாக், பீட்டர்கின் என்னும் மூன்று பிள்ளைகளைப் பசிபிக் சமுத்திரத்துத் தீவு ஒன்றில் கரை சேர்க்கிறது. அவர்களிடையே பொறாமை இல்லை, பயம் இல்லை. தீமை என்பது கடற்கொள்ளைக்காரரிடமும் தீவுவாசிகளிடமும் மட்டுமே குடிகொண்டிருப்பதாக ஆசிரியர் நம்புகிறார். சாம்ராஜ்யத்தின் உச்சகாலத்துத் தன்னம்பிக்கை அது. பவளத்தீவு எதையும் கண்ணால் காணாத பாலண்டைன், பிரிட்டிஷ் கடைகளில் விற்கும் உரித்த தேங்காயையே அறிந்திருந்தபடியால், மரத்திலிருந்து விழும் காய்க்கு மட்டை உண்டென்பதை அறியாமல் எழுதிவிட்டார். பிழை சுட்டப்பட்ட பிறகு, இனி எதையும் நேரில் கண்டே எழுதுவது என்று தீர்மானித்து, கலங்கரை விளக்கக் கதை ஒன்றுக்காகக் கடல்நடுவே பெல் ராக் விளக்கத்திலேயே சென்று தங்கினார். அந்தச் சிரத்தை போற்றத்தக்கது.

1888இல் ஜூல் வேர்ன் எழுதிய 'இரண்டு ஆண்டு விடுமுறை' இன்னும் நுட்பமானது. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினான்கு பேரும் கப்பல் எடுபிடிப் பையன் ஒருவனும், கயிறு அவிழ்ந்த பாய்க்கப்பலில் அடித்துச் செல்லப்பட்டுச் சிலி நாட்டுக் கரையோரத் தீவை அடைகிறார்கள். குகையைக் குடியிருப்பாக்கி, பாடநேரம் வகுத்து, தலைவனைத் தேர்தல் வைத்துத் தெரிந்தெடுக்கிறார்கள். பிரெஞ்சுப் பிள்ளையான பிரியானுக்கும் ஆங்கிலப் பிள்ளையான டோனிஃபனுக்கும் மூளும் பகைமையால் கூட்டம் பிளவுபட, ஜாகுவாரின் வாயிலிருந்து முன்னவன் பின்னவனைக் காப்பாற்றும்போது பகைமை கரைகிறது. ஆனால் அந்தத் தேர்தலில் கறுப்பினத்தவனான எடுபிடிப் பையன் மோக்கோவுக்கு மட்டும் வாக்குரிமை இல்லை. ஆசிரியர் அதனை இயல்பான காரியம்போல் ஒரே வாக்கியத்தில் கடந்துசெல்வது, எல்லாருக்கும் உணவு சமைத்துப் போடுபவன் அவனே என்பதை நினைக்கும்போது, மனத்தை உறுத்துகிறது.

இவ்விரண்டுக்கும் மாறாக எழுந்தது வில்லியம் கோல்டிங்கின் 'ஈக்களின் அரசன்'. இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் பணியாற்றி மீண்டு, ஸால்ஸ்பரி நகரத்துப் பள்ளியொன்றில் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த கோல்டிங், பல பிரசுரகர்த்தர்கள் மறுத்த பின்னர் 1954இல் அதை வெளியிட்டார். ரால்ஃப், ஜாக் என்னும் பெயர்களைப் பாலண்டைனிடமிருந்தே வேண்டுமென்று எடுத்துக்கொண்டார். அப்பிள்ளைகள் அன்பினால் சேர்ந்தவர்கள் அல்லர். யுத்தத்துக்குத் தப்பி அனுப்பப்பட்ட விமானம் விழுந்ததனால் ஒன்றாக்கப்பட்ட, பெரும்பாலும் அந்நியர்கள். சிறிய குழந்தைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. முகத்தில் மச்சமுள்ள ஒரு குழந்தை முதல் தீயிலேயே காணாமற் போகிறது. நூலில் எனக்கு மிகப் பயங்கரமான பகுதி அதுவே. பின்னால் வரும் கொலைகள்கூட அதன் விளைவென்றே தோன்றுகின்றன. பிக்கி என்னும் பையனின் மூக்குக்கண்ணாடியால் அவர்கள் தீ மூட்டுவதாகக் கதை. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லை சூரிய ஒளியைக் குவிக்காது என்பதால் அது இயலாத காரியம். இந்தச் சறுக்கல் நூலின் பெருமையைக் குறைக்கவில்லையாயினும், அவருக்குத் தீவைவிட மனித சித்தமே பொருட்டாயிருந்தது என்பதைக் காட்டுகிறது.

கதைக்கு வெளியே, மெய்யாகவே, 1965 ஜூன் மாதத்தில், டோங்கா நாட்டு நுகுவலோபாவில் பள்ளிக்கூட வாசம் அலுத்துப்போன மாணவர் ஆறு பேர், ஒரு மீனவருடைய படகை அனுமதியின்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். புயலில் பாயும் சுக்கானும் இழந்து, எட்டு நாள் மிதந்து, ஆட்டா என்னும் மலைத்தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியக் கப்பலோட்டி அவர்களைக் கண்டபோது, பதினைந்து மாதங்கள் கழிந்திருந்தன. மூட்டிய தீயை ஒருநாளும் அணையவிடாமல் முறைவைத்துக் காத்திருந்தார்கள். மரங்களைக் குடைந்து மழைநீர் சேமித்தார்கள். கால் முறிந்த ஒருவனுக்குக் குச்சி வைத்துக் கட்டி, அவன் குணமாகும்வரை அவனுடைய வேலையை மற்றவர் செய்தார்கள். சண்டை மூண்டால் சண்டையிட்டவர்கள் தீவின் வெவ்வேறு பக்கம் போய்ச் சினம் ஆறித் திரும்பவேண்டும் என்பது விதி. மரத்துண்டும் கொட்டாங்கச்சியும் படகின் கம்பிகளும் கொண்டு கிதார் ஒன்று செய்து, பாட்டோடும் பிரார்த்தனையோடும் நாளைத் தொடங்கி முடித்தார்கள்.

டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன், 2020இல் ஆங்கிலத்தில் வெளியான தம் நூலில் இதை எடுத்துரைத்தபின், கோல்டிங் பொய்யாக்கப்பட்டார் என்று பலர் மகிழ்ந்தார்கள். நான் அவ்வளவு தூரம் செல்ல மாட்டேன். ஆறு பேரும் ஏற்கெனவே நண்பர்கள். ஒரே மொழி, ஒரே மதம், ஒரே பள்ளி. கடலோடும் மரபில் பிறந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கை, அந்நியர் கூட்டம் என்ன ஆகும் என்பதற்கு விடையாகாது. மேலும், ஆட்டா வெறுந்தீவும் அன்று. 1863இல் அடிமை பிடிக்கும் கப்பல் வந்து அத்தீவின் மக்களில் பலரைக் கவர்ந்து சென்றது. எஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். பையன்கள் உண்ட காட்டுக்கோழியும் வாழையும் சேப்பங்கிழங்கும் அந்தச் சிதைந்த ஊரின் மிச்சங்கள். அவர்கள் பிழைத்ததில், நூறாண்டுக்கு முன் அங்கிருந்து அபகரிக்கப்பட்டவர்களின் உழைப்புக்கும் பங்குண்டு.

இனி இத்துறையின் மறுபக்கம். மேற்கண்ட நூல்கள் மூன்றிலும் தீவில் ஒதுங்கியவர்களுள் பெண் குழந்தை ஒன்றுகூட இல்லை. கனடாவில் குடியேறிய தாவர அறிஞரான காதரின் பார் டிரெயில், 1852இலேயே, ரைஸ் ஏரிக்கரையில் வழிதவறிய மூன்று பிள்ளைகளின் கதையை எழுதி, அவர்களுக்கு ஒரு பழங்குடிப் பெண் துணையாவதைக் காட்டினார். எந்தக் கிழங்கு உண்ணத்தகும் என்பதை அறிந்தவருடைய கை அதில் தெரிகிறது. 1937இல் அமெரிக்கரான கரோல் ரைரி பிரிங்க், அக்காள் தங்கை இருவர் கைக்குழந்தைகள் நால்வரோடு தீவில் அகப்படுவதை வேடிக்கைக் கதையாகப் புனைந்தார். சிறியவரைச் சுமக்கும் கேள்வி முழுமையாக எழுவது அந்த எளிய புத்தகத்திலேதான் என்று நினைக்கிறேன்.

சம்பவங்கள் அக்கேள்விக்கே சாட்சி சொல்கின்றன. 1864 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், துடைப்பத்துக்குச் செடி பறிக்கப்போன ஐஸக் என்னும் ஒன்பது வயதுப் பையனும், ஏழு வயதான ஜேன் டஃபும், மூன்று வயதான ஃபிராங்கும் ஒன்பது நாள் புதர்க்காட்டில் அலைந்தார்கள். இரவில் ஜேன் தன் உடையைக் கழற்றிச் சின்னவனைப் போர்த்தினாள். வெள்ளையர் தேடி அலுத்த பின்னர், அடிச்சுவடு காண்பதில் வல்ல பழங்குடியினர் மூவரே அவர்களைக் கண்டார்கள். அவர்களுள் டிக்-எ-டிக் என்பவர் நான்காண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து சென்ற பழங்குடிக் கிரிக்கெட் அணியிலும் விளையாடினார். ஜேனுடைய கதை பாடப்புத்தகங்களில் ஏறிப் பல தலைமுறைகள் படித்தன.

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து, தாய் உட்படப் பெரியவர் மூவரும் மாண்டனர். உயிர் தப்பிய ஊயிடோடோ இனத்துக் குழந்தைகள் நால்வரில் மூத்தவள் பதின்மூன்று வயதினள். கடைசிக் குழந்தைக்கு ஓராண்டுகூட நிறையவில்லை. விமானத்திலிருந்த மரவள்ளி மாவு தீர்ந்தபின், பனையின் விதைகளும் கனிகளும் உண்டு, மொத்தம் நாற்பது நாள் காட்டில் பிழைத்திருந்தார்கள். தாய் வேலைக்குப் போன காலத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துப் பழகியவள் அந்தப் பெண். எந்தக் கனி விஷம், எது உணவு என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கற்றிருந்தாள். இராணுவமும் பழங்குடித் தொண்டர்களும் சேர்ந்து தேடினர். பாட்டி அவர்கள் மொழியில் பேசிய செய்தி ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கியில் ஒலித்தது. ஜூன் 9 அன்று தொண்டர்கள் கண்டபோது, நால்வரும் மெலிந்திருந்தார்கள், ஆனால் ஒருவர்கூடக் குறையவில்லை. இதை நாவலாக்க முற்படும் ஆசிரியர் தலைமைப் போட்டியைத் தேடிப் பயனில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி இடுப்பில் குழந்தையோடு, எந்த மரத்தடியில் இன்று தங்குவது என்று ஒவ்வொரு மாலையும் எப்படி முடிவு செய்தாள் என்பதைத்தான் அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.