கொற்கை: கட்டியவர் பெயர்கள்

உலகப் போரின் நடுவே, 1941-இல், விசாகப்பட்டினத்தில் சிந்தியா கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்திற்கு இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் அந்நகர்மீது குண்டு வீசினர். 1948-இல் நேரு ‘ஜல உஷா’வைக் கடலில் இறக்கிவைத்தார். வரலாற்றில் இப்பெயர்கள் நிற்கின்றன. தகடு சுமந்து பொருத்தியவர் பெயர்களோ அரிதினும் அரிது.

தூத்துக்குடிக்கு இக்குறையைத் தீர்க்க முனைந்த நாவல் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2009). ஆயிரம் பக்கங்களுக்கு மேல் தோணித் தொழிலாளரும் தண்டல்களும் முதலாளிகளும் நிரம்பி வழிகின்றனர். இக்கூட்டத்தில் நாம் அடிக்கடி வழிதவறுகிறோம் என்பது உண்மையே. ஆயினும் அதுவே நூலின் நேர்மை: துறைமுகம் ஒருவர் கட்டியதன்று.

கடல் காணாத கொட்டாம்பட்டியில் இதை வாசிக்கும் நம்மையும் ஒரு கேள்வி தொடுகிறது: நம் கண்மாயை வெட்டியவர் யார், யார்? முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.