குழாய் வெடித்தால் யார் கணக்கில் ஏறும்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு கேள்வி கேட்டார். நாமக்கல்லில் பல வருஷம் கேஸ் டேங்கர் லாரி ஓட்டியவர், பிறகு சொந்தமாக ஒன்று வாங்கியவர். "ஏங்கண்ணு, பைப்புல போனா பொகையே இல்ல, காத்து கெடாதுங்கறாங்க. அந்தப் பைப்பு வெடிச்சா வர்ற பொகைய யாரு கணக்குல எழுதுவாங்க?"

"தெரியலைங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்த்து முடிக்க ரெண்டு மாசம் ஆகிவிட்டது.

நம்ம பக்கத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. விளைநிலத்தில் போவதாகத் திட்டம். நாமக்கல்லும் சேலமும் அதில் உண்டு. 2013ல் விவசாயிகள் எதிர்த்தார்கள், தமிழக அரசும் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு இருகூரிலிருந்து பெங்களூர் அருகே தேவனகொந்திக்குப் போகும் பெட்ரோலியக் குழாய் வந்தது, அதே சண்டை மறுபடி நடந்தது.

முதலில் ஒரு ஒப்புதல். 2013ல் நானும் "குழாய் வெடித்தால் புவி வெப்பமாகும்" என்று நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவன்தான். கணக்குப் போடாமல் எழுதினேன். எதிர்த்தரப்பு "குழாய்தான் பசுமை வழி" என்றது. அவர்களும் கணக்கைக் காட்டவில்லை.

கணக்கு எழுதும் முறை எங்கே இருக்கிறது? ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி நெறிமுறைகளில், இரண்டாம் தொகுதி, நான்காம் அத்தியாயத்தில். நாடுகள் தங்கள் பசுங்குடில் வாயுக் கணக்கை எழுதுவதற்கான கையேடு இது. கச்சா எண்ணெயைக் கொண்டுபோகும்போது கசியும் மீத்தேனுக்கு அதில் ஒரு பொதுக் காரணி உண்டு. 1000 கன மீட்டருக்குக் குழாயில் 5.4 கிலோ, டேங்கர் லாரியிலும் ரயிலிலும் 25 கிலோ. அதாவது லாரி கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மோசம்.

"ஐந்து மடங்கு" என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் எதில் ஐந்து மடங்கு? 1000 கன மீட்டர் என்பது 10 லட்சம் லிட்டர், 20,000 லிட்டர் லாரியில் 50 லோடு. 25 கிலோ மீத்தேனை 28ஆல் பெருக்கினால் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும். ஆக, மொத்தக் கசிவும் 260 லிட்டர் டீசலுக்குச் சமம், லோடுக்கு 5 லிட்டர் சொச்சம். சங்ககிரி டிப்போவிலிருந்து சேலம் வந்து சேர்வதற்கே லாரி அதைவிட அதிகம் குடிக்கும். கசிவை வைத்துக் குழாயைப் பசுமை என்பது ரொம்பச் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவது. லாரி எரிக்கும் டீசலை வைத்துப் பேசினால் வாதத்தில் பொருள் இருக்கிறது.

இனி விபத்து. கையேடு அதை மறக்கவில்லை. எண்ணெய்ச் சிதறலும் மற்ற விபத்துக் கசிவுகளும், எரிவாயுவில் கிணறு பீறிடுவதும் குழாய் உடைவதும், "இதர" என்ற தலைப்பின் கீழ் போகின்றன. இதைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. நாங்கள் மென்பொருளில் வகைப்படுத்தத் தெரியாத பிழைகளை எல்லாம் தள்ளும் மூட்டையும் அதே பெயரில்தான் இருக்கும். சராசரிக்குக் காரணி போட்டுவிடலாம். எப்போதாவது நடக்கும் பெரிய விஷயத்துக்கு சராசரி உதவாது. அதை நடந்த இடத்தில் அளந்தால்தான் உண்டு.

ஆனால் என் பெரிய விமர்சனம் அந்தத் தலைப்பின் மேல் இல்லை. அளந்து எழுதினாலும் அந்தக் கணக்கு எதைக் காட்டும் என்பதில்தான்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் ஓடியது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினச்சேரியில் சி.பி.சி.எல். குழாய் கசிந்து கடலில் கலந்தது. ஒரு டன் கச்சா எண்ணெய் முழுக்க எரிந்தால் ஏறத்தாழ 3 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் அது எப்படியும் எரியத்தானே போகிறது? வயலில் சிந்தியதோ வண்டியில் எரிந்ததோ, காற்றுக்கு வரும் கார்பன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வயலுக்கும் வலைக்கும்தான். அதற்கு இந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

எரிவாயு வேறு மாதிரி, காரணம் மீத்தேன். ஒரு உதாரணம் போடுவோம். 24 அங்குலக் குழாய், வால்வுக்கு வால்வு 30 கி.மீ., அழுத்தம் 90 பார். உள்ளே சுமார் 550 டன் வாயு இருக்கும். உடைந்து அப்படியே வெளியேறினால் 28 மடங்கு, அதாவது 15,400 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். தீப்பிடித்து எரிந்துவிட்டால்? ஒரு டன் மீத்தேன் எரிந்தால் 2.75 டன், ஆக சுமார் 1,500 டன். பத்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசித்தேன். பருவநிலைக் கணக்குப்படி, குழாய் உடைந்தால் தீப்பிடிப்பதுதான் நல்லது.

2014 ஜூன் 27 விடிகாலை, ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள், தென்னந்தோப்புகள் கருகின. 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடிவைத்து உடைக்கப்பட்டன. சுமார் 4.65 லட்சம் டன் மீத்தேன் எரியாமல் வெளியேறியதாக பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. யாரும் சாகவில்லை. கணக்குப் புத்தகத்தில் நார்ட் ஸ்ட்ரீம் பேரழிவு, நகரம் ஒரு தூசு.

மாமாவின் லாரிக்கு வருவோம். எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஐ.நா.வுக்கு நாடுகள் கணக்குக் காட்டும் 7 வகை வாயுக்களில் இவை இல்லை. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து கசிந்தது, ஊரே பதறியது. எரியாமல் போன அந்த வாயுவின் நேரடிக் கணக்கு: பூஜ்யம். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து எரிந்து 20 பேர் இறந்தார்கள். 18 டன் லோடு முழுக்க எரிந்தாலும் 54 டன் கார்பன் டை ஆக்சைடுதான். அதுவும் நாலு வீட்டு அடுப்பில் எரிந்திருந்தாலும் வந்திருக்கும்.

அப்படியானால் இந்தக் கணக்கே வீணா? இல்லை. மீத்தேன் கசிவை அளப்பது அவசியம், 20 வருஷக் கணக்கில் பார்த்தால் அதன் வெப்ப விளைவு 80 மடங்குக்கு மேல். நான் சொல்வது, நிலத்தின் வழியாகக் குழாய் போகலாமா என்ற வழக்கில் இதைச் சாட்சியாக இரண்டு தரப்பும் கூப்பிடக் கூடாது என்பதுதான். அந்த வழக்கு வேறு. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய்க்கு நிலத்தின் பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னை வைத்த காட்டுக்காரருக்கு அதுவே போதுமான வாதம். அவர் பனிப்பாறையைக் காட்டி வாதாட வேண்டியதில்லை.

ஒரே ஒரு எண் மட்டும் உயிருக்கும் காற்றுக்கும் பொதுவாக இருக்கிறது. கசிவு தொடங்கியதிலிருந்து வால்வை மூடும்வரை ஆன நேரம். எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: எப்போது விழுந்தது, எப்போது தெரிந்தது, எப்போது சரியானது. நகரத்தில் வெடிப்புக்கு முன்பே வாயு நாற்றம் வந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். "இதர" என்ற மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு விபத்துக்கும் இடம், நாள், எரிந்ததா இல்லையா, மூட எத்தனை நிமிஷம் என்று எழுதி, அந்தக் குழாய் போகும் ஊராட்சிகளுக்கும் கொடுத்தால் கணக்கும் சரியாகும், காட்டுக்காரருக்கும் பயன்படும்.

மாமாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எங்க லாரி கவுந்தா கணக்குல ஒண்ணுமே வராதுங்கற?"

"வராதுங்க மாமா."

"அப்பறம் என்ன கணக்கு கண்ணு அது?" என்றார்.